மஞ்சள் போட்ட போல்ட்டுகள்

கலைச்செல்வனும் இளவழகனும் மச்சான் மாப்பிள்ளை ஆனது எழில்மதியால் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. எழில்மதியைக் கேட்டால், அதெல்லாம் சும்மா, அந்த வண்டியால்தான் என்பாள். அண்ணன் கலைச்செல்வன் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஃபிட்டர். புருஷன் இளவழகனும் அங்கேயே காண்ட்ராக்ட் ஆள். நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஓடும் கன்வேயர் பெல்ட்டைக் கண்காணிக்கிற வேலை அவனுக்கு. பெல்ட்டை இழுத்து ஓட்டுகிற பெரிய உருளைகள் இருக்கும் டிரைவ் ஹெட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, பெல்ட் விலகுகிறதா, உருளை எதுவும் சிக்குகிறதா என்று ஷிப்ட் முழுக்கத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு பேருக்கும் ஷிப்ட் ஒத்து வந்ததே கிடையாது. ஒருவன் குளித்துக் கிளம்பும்போது இன்னொருவன் கரிப்புழுதியோடு வந்து இறங்குவான். இருந்தும் ஒரே வண்டியை இரண்டு பேரும் சேர்ந்து பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். இளவழகனின் அம்மா பொன்னம்மாள் சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியில் பர்மனென்ட் ஆயா. அவளுக்கு டவுன்ஷிப் பிளாக்கில் கொடுத்த குவார்ட்டர்ஸின் பின்பக்கம், கொய்யா மரத்துக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவில்தான் அந்த வண்டி செங்கல் முட்டின்மேல் நின்றது.

நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்த பைக் அது. முன்வீலைப் பிடித்திருக்கிற அதன் ஒல்லி ஃபோர்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு, வடலூரில் பழைய வண்டி உடைக்கிற கடையிலிருந்து ஒரு பெரிய வண்டியின் தடித்த ஃபோர்க்கைக் கொண்டுவந்து மாட்டினார்கள். கம்பி வீல் போய் அலாய் வீல் வந்தது. முன்னால் டிரம் பிரேக் போய் டிஸ்க் பிரேக் வந்தது. பின்னால் இருபக்கமும் இருந்த ஷாக்குகளை எடுத்துவிட்டு நடுவில் ஒற்றை ஷாக் வைக்கிற யோசனை இளவழகனுடையது. சீட்டு அரை முழம் உயர்ந்துபோய், இனிமேல் ஏறி உட்கார ஏணிதான் வைக்க வேண்டும் என்று எழில்மதி சொன்னாள். கல்யாணத்துக்குத் தனக்கே இவ்வளவு அலங்காரம் நடக்கவில்லை என்றும் சொன்னாள். சொன்னாலும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயில் துணி துவைத்துப் போடுவதும் டீ போடுவதும் அவள்தான்.

இரண்டு ஷிப்ட்காரர்கள் ஒரே வண்டியில் வேலை செய்தால் யார் எதை முடித்தார்கள் என்று எப்படித் தெரியும்? சுரங்கத்தில் எப்படித் தெரியுமோ அப்படித்தான். முறுக்கி முடித்த போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு பொட்டு. மஞ்சள் இருந்தால் வேலை முடிந்தது. அடுத்த ஷிப்ட்காரன் அதில் ஸ்பேனர் வைக்கமாட்டான். வைத்தால், ஏன்டா என் கைமேல நம்பிக்கை இல்லையா என்று சண்டைக்கு வருவார்கள். ஃபோர்மேன் வந்து கேட்பதுகூட முறுக்கியாச்சா என்று அல்ல, மஞ்சள் போட்டாச்சா என்றுதான். வீட்டிலும் அதே வழக்கம் வந்துவிட்டது. கொய்யா மரத்துக் கவட்டையில் ஒரு கொட்டாங்கச்சி, அதில் கொஞ்சம் மஞ்சள் பெயின்ட், ஒரு தேய்ந்த பிரஷ்.

இதில் வெளியே சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. கலைச்செல்வனின் ஃபிட்டர் கோஷ்டிக்கும் வேறு சில கோஷ்டிகளுக்கும் சேர்த்து ஒரே பெயின்ட் டின். அது கைமாறிக் கைமாறி வரும். வந்தபோது போடாவிட்டால் மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே டின் வந்ததும் கையால் மட்டும் திருகி வைத்திருக்கிற போல்ட்டுக்கெல்லாம் முதலில் பொட்டு வைத்துவிடுவார்கள். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முறுக்குவார்கள். இது தப்பு என்று யாருக்கும் தோன்றியதில்லை. எப்படியும் முறுக்கத்தானே போகிறோம்.

அன்றைக்கும் கலைச்செல்வன் அதைத்தான் செய்தான். வைகாசி வெயில். காலையிலேயே ஃபோர்க்கை ஏற்றி, வீலை மாட்டி, ஆக்ஸிலை முறுக்கிவிட்டான். கடைசியாக கேலிபர். ஓடுகிற டிஸ்க்கைக் கவ்விப் பிடித்து நிறுத்துகிற பிரேக் பெட்டி அது. ஃபோர்க்கோடு அதைச் சேர்த்துப் பிடிப்பது இரண்டே போல்ட். இரண்டையும் விரலால் திருகி வைத்தான். கொட்டாங்கச்சியைப் பார்த்தால் பெயின்ட் வெயிலில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. காய்ந்துபோவதற்குள் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தான். கேலிபர் போல்ட்டுக்கும் வைத்தான். ஸ்பேனரைக் கையில் எடுத்தபோது ஃபோன் அடித்தது. செகண்ட் ஷிப்ட்டில் ஆள் வரவில்லையாம், உடனே கிளம்பி வா, ஷிப்ட் பஸ் பிளாக் ஸ்டாப்பைத் தாண்டப் போகிறது என்றார்கள். ஸ்பேனரைத் துணி துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு ஓடினான். பின்பக்க ஷாக் வேலை இன்னும் பாக்கி, வண்டி எங்கே போய்விடப் போகிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடும்போதே நினைத்துக்கொண்டான். அதோடு அதை மறந்தும் போனான்.

சுரங்கத்தின் அடியில் அன்றைக்கு ஒரு பெல்ட்டை நிறுத்திவைத்து உருளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கோஷ்டியில் மூத்தவனான கொளஞ்சியப்பன் பெயின்ட் டின்னை நீட்டி, சீக்கிரம் போட்டுவிட்டுக் கொடு, அந்தப் பக்கத்து ஆட்கள் கேட்கிறார்கள் என்றான். கலைச்செல்வன் பிரஷ்ஷை முக்கி, முதல் போல்ட்டின் தலையில் பொட்டு வைத்தான். இரண்டாவது போல்ட்டுக்குப் போன கை அந்தரத்தில் நின்றது.

விரலால் திருகிய போல்ட். அதன்மேல் ஈர மஞ்சள். காலையில் இதே விரல், இதே மஞ்சள்.

வண்டி செங்கல்மேல்தானே நிற்கிறது என்று தனக்குத்தானே சொன்னான். பின் ஷாக் இல்லாமல் எப்படி இறக்குவான் என்று சொன்னான். கொளஞ்சியப்பனிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல், இளவழகன் வண்டி வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று ஏதாவது சொன்னானா என்று கேட்டான்.

"பின்னாடி ஷாக்க மாட்டறதுதான் பாக்கி, வூட்டுக்குப் போனதும் மாட்டிருவேன்னு ஷிப்ட் மாறறப்ப சொன்னானே. உனக்குத் தெரியாதா?" என்றான் கொளஞ்சியப்பன். "நீ முன்னாடி முடிச்சா இன்னிக்கே காதுகுத்துக்கு அதுலதான் போவணும்னு சொல்லிகினு இருந்தான்."

பண்ருட்டி ரோட்டில், காடாம்புலியூரில் இளவழகனின் சொந்தத்தில் காதுகுத்து. அது கலைச்செல்வனுக்கும் தெரிந்த விஷயம்தான். அவனுக்கும் பத்திரிகை வந்திருந்தது. இளவழகன் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்திருப்பான். பின்பக்கம் போயிருப்பான். குனிந்து பார்த்திருப்பான். எல்லாம் மஞ்சள். அவன் ஸ்பேனரைத் தொட்டிருக்கவே மாட்டான். சுரங்கத்தில் வேலை செய்கிற எவனும் தொடமாட்டான்.

பிரஷ்ஷைக் கொளஞ்சியப்பன் கையில் திணித்து, இந்த போல்ட் ஒன்றும் முறுக்கவில்லை, எல்லாவற்றையும் நீயே முறுக்கிவிடு, மறந்துவிடாதே என்று இரண்டு தடவை சொன்னான். கொளஞ்சியப்பன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்போதே ஸ்பேனரை எடுத்தான். எடுத்ததைப் பார்த்த பிறகுதான் கலைச்செல்வன் ஓடினான்.

கீழே ஃபோன் கொண்டுபோகக் கூடாது. எல்லாருடைய ஃபோனும் மேலே ஷெட்டில் இருக்கும். இரும்புப் படி ஏறி, மேலே போகிற ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தித் தொற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். ஷெட்டில் ஃபோர்மேன் சண்முகசுந்தரம் இருந்தார். தென்காசிப் பக்கத்து மனிதர், பர்மனென்ட், கோபமாகப் பேசினாலும் ஆளுக்குக் கெடுதல் நினைக்காதவர். என்னடே மொகம் இப்படி வெளுத்துக் கெடக்கு என்று கேட்டார். கலைச்செல்வன், வீட்டில் சீரியஸ் என்றான். யாருக்கு என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் மஞ்சளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். சண்முகசுந்தரமும் துருவவில்லை. போயிட்டு வா, பாத்துப் போ என்றார்.

இளவழகனுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எழில்மதிக்கு அடித்தான். அதுவும் அப்படித்தான். மறுபடி அவன், மறுபடி அவள். வண்டியில் போகிறவர்கள் எப்படி எடுப்பார்கள் என்று அறிவுக்குத் தெரிகிறது, விரல் கேட்கவில்லை. கடைசியில் பொன்னம்மாளுக்கு அடித்தான்.

பொன்னம்மாள் சந்தோஷமாக எடுத்தாள். இப்பத்தான் கெளம்பிப் போறாங்க, வண்டி ஜம்முன்னு இருக்குது, பிளாக்கே வெளிய வந்து பாத்துச்சு, உங்க கைராசி தம்பி என்றாள். கலைச்செல்வன், பாப்பா எங்கே என்று மட்டும் கேட்டான்.

"அது வூட்டுல இருக்குமா? முன்னாடி டேங்க்மேல ஒக்காந்துகினு போவுது."

மூன்று வயதுக் குழந்தை. டேங்க்மேல். அப்பனுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில்.

இதற்கு மேல் நினைக்கக் கூடாது என்று கலைச்செல்வன் நினைத்தான். ஆனால் ஃபிட்டராக இருப்பதில் உள்ள கஷ்டம் அது. ஒரு சாமான் எப்படிக் கழன்று விழும் என்று அவன் கண்ணுக்கு வரிசையாகத் தெரியும். முதலில் மேல் போல்ட் குலுங்கிக் குலுங்கி வெளியே வரும். விழும். கேலிபர் ஒற்றை போல்ட்டில் தொங்கும். அந்த நேரம் பார்த்து முன்பிரேக்கைப் பிடித்தால், சுற்றுகிற டிஸ்க் கேலிபரையே இழுத்துக்கொண்டு போய் வீலுக்குள் சொருகும். வீல் அங்கேயே நிற்கும். வண்டி நிற்காது. அதன்மேல் உட்கார்ந்திருப்பவர்களும் நிற்கமாட்டார்கள்.

கொளஞ்சியப்பனின் வண்டிச் சாவி ஷெட்டில் ஆணியில் தொங்கியது. கேட்காமலே எடுத்தான். கேட் செக்யூரிட்டி ஏதோ கேட்டார், இவன் ஏதோ சொன்னான், என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. டவுன்ஷிப்பின் மரநிழல் ரோடுகளில் எந்தத் திருப்பத்திலும் மெதுவாகப் போகாமல் ஆர்ச் கேட்டைத் தாண்டிப் பண்ருட்டி ரோட்டில் ஏறினான். வாய் பாட்டுக்கு மாரியாத்தா, மாரியாத்தா என்றது. அவன் சாமி கும்பிடுகிற ஆளே இல்லை. பெரியார் படிப்பகத்தில் கேரம் ஆடி வளர்ந்தவன். மாரியாத்தாளும் அதையெல்லாம் கணக்கில் வைத்துக்கொள்ளமாட்டாள் என்று நம்பினான்.

பாலத்து வேலைக்காக ரோட்டை ஆங்காங்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்தையும் பார்க்கும்போது அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறிய இன்னொரு வண்டியைத்தான் அவன் பார்த்தான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் போல்ட் ஒரு புரி வெளியே வந்திருக்கும். தார் ரோட்டின் ஓரமாக மஞ்சள் தலையோடு ஒரு போல்ட் கிடக்கிறதா என்று கண் தேடியது. கிடந்துவிடுமோ என்று பயந்துகொண்டேதான் தேடியது.

ஒரு வளைவு தாண்டியதும் கூட்டம். ரோட்டோரம் ஆட்கள் வட்டமாக நின்றார்கள். ஒரு லாரி குறுக்கே நின்றது. வட்டத்துக்குள்ளே தரையில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. எழில்மதி விசேஷத்துக்குக் கட்டுகிற பட்டு நீலம்தான்.

கலைச்செல்வன் வண்டியை நிறுத்தினான். இறங்க முடியவில்லை. போய்ப் பார்க்க வேண்டும். போய்ப் பார்க்காத வரைக்கும் அது அவர்கள் இல்லை. அப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தானோ. கூட்டத்திலிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். சிரிக்கிறாரே என்று நம்பிக்கை வந்து, என்னங்க அங்கே என்று கேட்டான். பலாப்பழம் ஏற்றிவந்த வேன் சாய்ந்துவிட்டதாம், தார்ப்பாய் கிழிந்து பழமெல்லாம் உருண்டுவிட்டதாம், ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு போகிறார்களாம். அந்த நீலம் தார்ப்பாய்.

அவனுக்கு அழுகை வந்தது. அந்த மனிதர் பழத்துக்காக அழுகிறான் என்று நினைத்திருப்பார், உனக்கும் ஒண்ணு எடுத்துக்க தம்பி என்றார்.

காடாம்புலியூருக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு வருகிற இடத்தில்தான் அவர்களைப் பார்த்தான். தூரத்திலேயே தெரிந்தது. உயர்ந்துபோன பின்பக்கம், தடித்த டயர், அதன்மேல் கொலுவில் வைத்தமாதிரி எழில்மதி. நீலப் பட்டு இல்லை, பச்சை. இளவழகன் நிதானமாகத்தான் ஓட்டினான், குழந்தை முன்னால் இருக்கிறதே. பழைய வண்டியில் முன்பிரேக் இருந்தும் இல்லாத கதை. அதனால் பின்பிரேக்கை மட்டும் மிதித்தே பழகிய கால் அவனுக்கு. இவ்வளவு தூரம் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது அந்தப் பழக்கம்தான்.

ஹாரன்மேல் கட்டைவிரலை வைத்த கலைச்செல்வன் சட்டென்று எடுத்துவிட்டான்.

ஹாரன் அடித்தால் இளவழகன் திரும்பிப் பார்ப்பான். மச்சான் பேயடித்தமாதிரி வருவதைப் பார்த்தால் என்னமோ ஏதோ என்று சடாரென்று பிரேக் போடுவான். அவசரத்தில் கையும் பிடிக்கும், காலும் மிதிக்கும். கத்தினாலும் அதேதான். ஹெல்மெட்டுக்குள் வார்த்தை புரியாது, பதற்றம் மட்டும் போய்ச் சேரும். இத்தனை தூரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, கடைசியில் தானே அவர்களைத் தள்ளிவிடுவதா? சும்மா பின்னால் போய்க்கொண்டிருக்கவும் முடியாது. அந்த போல்ட் அவனுக்காகக் காத்திருக்காது. பின்னால் போகவும் பயம், முன்னால் போகவும் பயம். வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை அவன் அறிந்ததில்லை.

எதிரே காடாம்புலியூர் முனை தெரிந்தது. அங்கே வேகத்தடை உண்டு. அங்கே எல்லாரும் பிரேக் பிடிப்பார்கள்.

அவன் ஆக்ஸிலேட்டரைத் திருகினான். நெருங்கிப் போகாமல், ரோட்டின் மறுபக்கமாக ஒதுங்கி அவர்களைத் தாண்டிப் போனான். தாண்டும்போது எழில்மதி பார்த்துவிட்டு, ஆச்சரியமாகச் சிரித்து, புருஷன் தோளைத் தட்டுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. வேண்டாம் தாயி, தட்டாதே என்று உள்ளுக்குள் கத்தினான். நன்றாக முன்னால் போய், திரும்பிப் பார்க்காமல், இடது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையை விரித்துக் கீழ்நோக்கி வைத்து, மெல்ல மெல்லத் தாழ்த்தினான். மறுபடி உயர்த்தி, மறுபடி மெல்லத் தாழ்த்தினான்.

பெல்ட் ஓடுகிற இடத்தில் பேச்சு காதில் விழாது. கையால்தான் பேசிக்கொள்வார்கள். நிலக்கரி நிறைந்த பெல்ட்டைத் திடீரென்று பிடித்து நிறுத்தினால் கரி கொட்டி ஆள்மேல் விழும். கரண்ட்டை மட்டும் வெட்டு, பிரேக் போடாதே, அதுவாக ஓடி அதுவாக நிற்கட்டும் என்பதற்கு அந்தக் கைதான். இளவழகன் தினமும் பார்க்கிற கை. பார்த்தால் யோசிக்காமல் கீழ்ப்படிகிற கை.

கண்ணாடியில் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தான். பின்னால் வந்த வண்டியின் சத்தம் அடங்கியிருந்தது. இளவழகன் ஆக்ஸிலேட்டரை விட்டிருந்தான். வண்டி தானாக உருண்டு, தளர்ந்து, முந்திரித் தோப்பு ஓரத்து மண்ணில் இறங்கி, கால் ஊன்றிக்கொள்கிற வேகத்துக்கு வந்து நின்றது. குழந்தை மாமா என்று கூப்பிட்டுக் கையை ஆட்டியது.

கலைச்செல்வன் வண்டியைப் போட்டது போட்டபடி ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டான். இளவழகன் என்னாச்சு என்று கேட்கவில்லை. அந்தக் கையைக் காட்டினால் காரணம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முன்வீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மேல் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. கேலிபர் தொட்டதும் ஆடுகிற பல்மாதிரி ஆடியது. கீழ் போல்ட் இரண்டு மூன்று புரியில் நின்றது. இளவழகன் அதை இரண்டு விரலால் சுற்றினான். கையோடு வந்துவிட்டது. தலையில் பளிச்சென்று மஞ்சள்.

எழில்மதி பக்கத்தில் வந்து பார்த்தாள். பிரேக்கைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது. ஆனால் வெறும் ஓட்டையும் கையோடு வந்த போல்ட்டும் என்ன என்று தெரிந்துகொள்ள ஃபிட்டர் வேலை தெரிய வேண்டியதில்லை. அண்ணனிடமிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ள முன்னாடி ஒக்காந்துகினு இருந்துச்சுண்ணா" என்றாள். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கலைச்செல்வன் எல்லாவற்றையும் சொன்னான். பெயின்ட் காய்ந்தது, ஃபோன் வந்தது, பஸ்ஸுக்கு ஓடியது. சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. இளவழகன் திட்டுவான் என்று எதிர்பார்த்தான், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். இளவழகன் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மஞ்சளப் பாத்துதான் மச்சான் எடுத்தேன்" என்றான்.

தெரியும் என்றான் கலைச்செல்வன்.

ஒரு பஸ் தாண்டிப் போய்ப் புழுதி அடங்கியது. இளவழகன் தலையைத் தூக்கினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, யோசனை இருந்தது.

"அங்கயும் இப்பிடித்தான் போடுவீங்களா?"

இல்லை என்று சொல்வதற்கு ஒரு வினாடிகூட ஆகாது. கலைச்செல்வனின் வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது. ஆனால் குழந்தை எழில்மதியின் மடியிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டின்னு வந்தா மொதல்ல போட்ருவோம் மாப்ள. அப்புறம் முறுக்கிருவோம்."

"எல்லாத்தையுமா?"

ஆமாம் என்று சொல்லத்தான் நினைத்தான். போன வாரம் மழை வந்து எல்லாரும் ஷெட்டுக்கு ஓடினார்கள். திரும்பிப் போய் எந்த இடத்திலிருந்து ஆரம்பித்தான்? அதற்கு முன்னால் ஒரு நாள் இன்னொரு பெல்ட்டுக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். டீ வந்தது, சைரன் அடித்தது, ஷிப்ட் முடிந்தது. எத்தனையோ நாள், எத்தனையோ போல்ட். இன்றைக்கு பிரஷ் கையில் இருந்ததால் ஞாபகம் வந்தது. ஞாபகம் வராத நாளை எப்படி ஞாபகப்படுத்துவது?

"தெரியல மாப்ள" என்றான்.

"நான் தெனம் அதுக்குக் கீழதான் நின்னுகினு இருக்கேன்" என்றான் இளவழகன். எழில்மதி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். கலைச்செல்வனால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. நாளைக்கு நீ போக வேண்டாம், லீவு சொல்லிவிடு என்று இளவழகனிடம் சொன்னான்.

"நான் போவல. இப்ப இந்த ஷிப்ட்ல அங்க ஒருத்தன் நின்னுகினு இருப்பான் இல்ல?"

அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. கலைச்செல்வன் ஃபோனை எடுத்தான். காண்ட்ராக்ட் ஆளுக்குக் கேட் பாஸ்தான் எல்லாம். இந்த ஒரு ஃபோன் போட்டால் அது போய்விடும். அவனுடையது மட்டும் போகாது, கொளஞ்சியப்பனுடையதும் போகும், கோஷ்டி மொத்தத்துடையதும் போகும். அவர்கள் அவன் முகத்தில் விழிக்கமாட்டார்கள். பேசாமல் இரவோடு இரவாகப் போய் ஒவ்வொன்றாக முறுக்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தான். ஓடுகிற பெல்ட்டில் யார் முறுக்கவிடுவார்கள்? சண்முகசுந்தரத்தின் பெயரைத் தேடி அழுத்தினான்.

அவர் முதல் மணியிலேயே எடுத்தார். எடுத்ததும், வீட்டுல எப்படிடே இருக்கு, யாருக்கு என்ன என்று கேட்டார்.

"சார், ஓடிகினு இருக்கற பெல்ட்ட நிறுத்தச் சொல்லுங்க. டிரைவ் ஹெட்டுல போல்ட்டு முறுக்காம இருக்கலாம். கீழ நிக்கற ஆள வெளிய வரச் சொல்லுங்க சார்."

சண்முகசுந்தரம் கேட்டார்.

"எந்த போல்ட்டுடே?"

"தெரியாது சார். நான் மஞ்சப் போட்டது எல்லாம்."

மறுமுனையில் அவர் ஃபோனை வைக்காமலே, பெல்ட்ட நிறுத்துங்கடே என்று யாரிடமோ கத்தினார். அவருக்குப் பின்னால் பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.